பிறர் பொருளில் கொடுக்கும் வாக்கு

வாக்குக் கொடுத்தல் மனிதன் கண்ட அறங்களுள் மிகப் பழையது. நாளை நடக்கவிருப்பதை இன்றே ஒரு சொல்லாற் கட்டிவைக்கும் ஆற்றல் வேறெந்த உயிருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை. 'அறுவடை முடியத் தருவேன்' என்ற சொல்லை நம்பித்தான் எங்கள் பகுதி வயல்களிற் பாதி விதைக்கப்படுகின்றது. அந்தச் சொல்லைக் காப்பவனை ஊர் மதிக்கின்றது. தவறியவனை மறுபோகத்தில் ஒருவரும் நம்புவதில்லை. இதிலே ஐயத்துக்கு இடமில்லை. அவன் கொடுத்த வாக்கு அவனுடைய நெல்லைப் பற்றியது. அவனுடைய உழைப்பைப் பற்றியது.

ஆனால் ஒருவன் அயல் வளவுக்காரனுடைய மாட்டைத் தருவதாக மூன்றாமவனுக்கு வாக்களித்துவிட்டு வருகின்றான் என்று வைத்துக்கொள்வோம். வந்தவன், 'சொன்ன சொல்லைக் காப்பது அறமன்றோ! ஆகவே மாட்டை அவிழ்த்துவிடு' என்று அயலவனிடம் கேட்பானாயின், அறத்தின் பெயரால் அங்கே நடப்பது என்ன? வாக்கு என்னவோ வாக்குத்தான். காப்பாற்றாவிட்டால் மூன்றாமவன் ஏமாறுவான் என்பதும் மெய்தான். ஆயினும் அந்த மாட்டுக்காரன்மேல் எந்தக் கடமையும் பிறக்கவில்லை என்பதை ஒரு குழந்தையும் சொல்லிவிடும்.

அத்தினாபுரத்துச் சூதாட்டச் சபையிலே திரௌபதி எழுப்பிய வினா இத்தகையதே. தன்னைத் தோற்றுவிட்ட ஒருவன் பின்னர் தன்னைப் பணயம் வைக்க உரிமையுடையவனா என்று அவள் கேட்டாள். சபையின் முதியோர் விடை சொல்ல இயலாது நெளிந்தனர். பாரதியோ இன்னும் ஒருபடி முன்னே சென்றான். 1912இல் வெளிவந்த 'பாஞ்சாலி சபத'த்தில், திரௌபதியின் முறை வருவதற்கு முன்பே, தருமன் நாட்டைப் பணயம் வைக்கும் இடத்திலேயே கதையை நிறுத்திவைத்து அவனைக் கடிந்துரைக்கின்றான். நாடு அரசனுடைய சொத்தா என்பதே அந்தச் சினத்தின் வேர்.

எமது நாடு அயல்நாடுகளுடன் செய்துகொண்ட சுதந்திர வர்த்தக உடன்படிக்கைகளைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய வினா நினைவுக்கு வருகின்றது. இந்தியாவுடன் 1998 டிசம்பர் 28ஆந் திகதி புதுடில்லியிற் கைச்சாத்தாகி 2000 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது ஒன்று. பாகிஸ்தானுடன் 2002இல் ஒப்பமாகி 2005இல் நடைமுறைக்கு வந்தது மற்றொன்று. சார்க் நாடுகள் கூடி 2004இல் இஸ்லாமாபாத்தில் ஒப்பமிட்ட தென்னாசியச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை உண்டு. 2018 ஜனவரி 23ஆந் திகதி சிங்கப்பூருடனும், 2024 பெப்ரவரி 3ஆந் திகதி தாய்லாந்துடனும் ஒப்பங்கள் இடப்பட்டன. இவற்றுள் நல்லவையும் இருக்கலாம், அல்லாதவையும் இருக்கலாம். அவற்றை வரிசைப்படுத்தி மதிப்பெண் வழங்குவது என் நோக்கமன்று. வாக்குக் கொடுத்தவர் யார், கொடுக்கப்பட்ட பொருள் யாருடையது என்பதையே ஈண்டுக் கேட்க விரும்புகின்றேன்.

சுங்கத் தீர்வை என்பது துறைமுகத்து அலுவலகத்தில் எழுதப்படும் ஓர் எண் என்றே நம்மிற் பலர் நினைக்கின்றனர். அது இரண்டு வேலைகளைச் செய்கின்றது. ஒன்று, அரசுக்கு வருமானம் தேடித் தருகின்றது. அந்த வருமானத்தினின்றே பாடசாலைக் கூரையும் ஆஸ்பத்திரி மருந்தும் வருகின்றன. மற்றொன்று, உள்ளூரில் ஒரு பொருளை விளைவிப்பவனுக்கும் அதே பொருளை வெளியிலிருந்து கொண்டுவருபவனுக்கும் இடையில் ஒரு வரம்பு கட்டுகின்றது. அந்த வரம்பின் உயரத்தைக் குறைப்பதாக வேற்று நாட்டுக்கு வாக்களிப்பதே வர்த்தக உடன்படிக்கையின் சாரம். பாகிஸ்தானுடனான உடன்படிக்கையிலே 6,000 தொன் பாசுமதி அரிசியும் 1,000 தொன் உருளைக்கிழங்கும் தீர்வையின்றி வர இடமளிக்கப்பட்டது. பதிலுக்கு எமது தேயிலைக்கும் வெற்றிலைக்கும் அங்கே சலுகை கிடைத்தது. இந்திய உடன்படிக்கையில் எமது தேயிலைக்கு ஆண்டொன்றுக்கு 1 கோடியே 50 இலட்சம் கிலோ என்று ஓர் எல்லை வகுக்கப்பட்டது. ஏட்டிலே இவை எண்கள். ஆனால் உருளைக்கிழங்கு என்றெழுதிய இடத்தில் வெலிமடையிலும் நுவரெலியாவிலும் மண்ணைக் கிளறுபவன் நிற்கின்றான். தேயிலை என்றெழுதிய இடத்தில் மலையகத்துப் பெண் கூடையுடன் நிற்கின்றாள். ஒருத்திக்குக் கிடைத்த சலுகைக்காக மற்றொருவனுடைய வரம்பு தாழ்த்தப்பட்டது. நாட்டுக்கு மொத்தத்தில் நன்மை என்று கணக்கர் கூறலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். அந்த மொத்தக் கணக்கில் தன் பங்கு கழிக்கப்பட்டவனிடம் கேட்டது யார்?

சட்டம் இதற்கு என்ன சொல்கின்றது என்று பார்ப்போம். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பொதுநிதிமீது முழுக் கட்டுப்பாட்டையும் 148ஆம் உறுப்புரையினாற் பாராளுமன்றத்துக்கே கொடுத்திருக்கின்றது. சட்டமாக்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றம் துறந்துவிடவோ பிறருக்கு உரிமையாக்கவோ கூடாது என்று 76ஆம் உறுப்புரை விதிக்கின்றது. பதினேழாம் நூற்றாண்டில் ஜோன் லொக் எழுதிய கொள்கைதான் இது: மக்கள் நம்பிக் கொடுத்த சட்டமாக்கும் உரிமையைச் சட்டசபை வேறு கைக்கு மாற்றலாகாது. 2006ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் சிங்கராசா வழக்கிலே, ஜனாதிபதி வெளிநாட்டுடன் ஏற்றுக்கொண்ட கடப்பாடு உள்நாட்டிற் சட்டவலுப் பெறவேண்டுமாயின் அதற்குச் சட்டசபையின் ஆக்கம் வேண்டும் என்று கூறியது. (அந்த நியாயம் சிறையிலிருந்த ஓர் ஏழைத் தமிழனுடைய மனித உரிமைக்கு எதிராகப் பயன்பட்டது என்பது வேறொரு கதை, துயரமான கதை.)

ஆக, ஏட்டளவிற் பாராளுமன்றமே எசமான். நடைமுறையிலோ உடன்படிக்கையைப் பேசுவதும் ஒப்பமிடுவதும் நிறைவேற்றுத் துறையின் வேலை. தீர்வை மாற்றங்கள் அமைச்சரின் கட்டளையாக வர்த்தமானியில் வெளிவந்து அன்றிரவே உயிர்பெறுகின்றன. 1962ஆம் ஆண்டின் வருமானப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த சட்டங்களும் இதற்கு வழிவகுத்தன. பாராளுமன்றம் பின்னர் கூடி அங்கீகரிக்கும். இதிலே ஒரு விந்தையுமுண்டு. அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரை வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் உடன்படிக்கைகளைப் பற்றிப் பேசுகின்றது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் தீர்மானித்துவிட்டால் அத்தகைய உடன்படிக்கைக்குச் சட்டவலு வந்துவிடும்; பின்னர் அதற்கு மாறான சட்டத்தை, தேசிய பாதுகாப்பை முன்னிட்டன்றி, பாராளுமன்றமே இயற்றவியலாது. வெளிநாட்டு முதலுக்கு வேலி கட்டும்போது மக்கள் பிரதிநிதிகளின் பெரும்பான்மை எவ்வளவு என்று எண்ணிப்பார்க்கத் தெரிந்தவர்கள், உள்ளூர் விளைச்சலின் வேலியைத் தாழ்த்தும்போது அவர்களை எண்ண மறந்தது தற்செயலாக நிகழ்ந்ததென்று நான் நம்பவில்லை.

இந்த மறதிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் இந்நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமையைக் கொடுத்தது. கூலிக்காரனும் அவன் மனைவியும் வாக்களித்து அரசாங்க சபைக்கு ஆள் அனுப்பினார்கள். அக்காலத்தில் யப்பானிய ஆலைத்துணி மிக மலிவாக இங்கு வந்திறங்கியது. இலங்காசயர் ஆலைமுதலாளிகளுக்கு அது பொறுக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் அவர்களுடைய தறிகள் ஓய்ந்து கிடந்தன. 1934இல் பிரித்தானிய அரசு தன் குடியேற்ற நாடுகளெங்கும் யப்பானியத் துணிக்குக் கோட்டா விதிக்க முடிவு செய்தது. எமது அரசாங்க சபை இதற்கு இணங்கவில்லை. விலை குறைந்த துணியை உடுத்தியிருந்தவர்கள் அச்சபையின் வாக்காளர்கள். இலங்காசயரின் இலாபத்துக்காகத் தம் மக்களின் சட்டையைப் பிடுங்கச் சபையினர் உடன்படாதது இயல்பே. நடந்தது என்ன? மன்னர் பெயரால் இலண்டனிற் பிறந்த ஒரு கட்டளை சபையைத் தாண்டிக்கொண்டு வந்து கோட்டாவை விதித்தது.

அந்த நிகழ்ச்சியிலே இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. ஏகாதிபத்தியம் வாக்குரிமையைக் கொடுத்தாலும் கொடுக்கும்; சுங்கச் சாவியைக் கொடாது என்பது ஒன்று. மற்றது நம் போன்ற இடதுசாரிகள் சிறிது நின்று சிந்திக்கவேண்டியது. அன்று ஏழைகளின் பக்கம் நின்றது திறந்த துறைமுகமே. வரம்பை உயர்த்தியவன்தான் அந்நிய முதலாளி. ஆகவே 'தீர்வை உயர்ந்தால் மக்களுக்கு நன்மை, தாழ்ந்தால் தீமை' என்று மேடையிற் சொல்லிவிட்டு இறங்குவது போதாது. வரம்பு உயரலாம், தாழலாம். அதை உயர்த்தவும் தாழ்த்தவும் கை யாருடையது?

குடியேற்ற ஆட்சி போய்விட்டது. கட்டளை போடும் பழக்கம் போகவில்லை. அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டினைக் கூறுகின்றேன். அவை உடன்படிக்கைகள் அல்ல. எனினும் அதே சாவியினால் திறக்கப்பட்டும் பூட்டப்பட்டும் போன கதவுகள். 2020 ஒக்டோபர் 13ஆந் திகதி, கிலோ ஒன்றுக்கு 50 ரூபாவாக இருந்த சீனி மீதான விசேட வரி ஒரே வர்த்தமானியினால் 25 சதமாகக் குறைந்தது. தேநீர்க்கடையிற் சீனி அந்த அளவுக்கு மலிந்ததா? இல்லை. கொண்டுவந்தவர்களின் கணக்கிலே அந்த வேறுபாடு தங்கிற்று. பாராளுமன்றத்தின் பொதுநிதி பற்றிய குழு பின்னர் இதனை ஆராய்ந்தபோது, அரசு இழந்தது ஆயிரம் கோடி ரூபாவுக்கும் மேலென்று கணக்கு வெளிவந்தது. ஆராய்ந்தது நன்று. எப்போது ஆராய்ந்தது என்பதுதான் கேள்வி.

மற்றது எங்கள் வயலிலே விழுந்த இடி. 2021 மே 6ஆந் திகதி, 1969ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வெளியான ஒரு வர்த்தமானி இரசாயனப் பசளை நாட்டுக்குள் வருவதைத் தடுத்தது. அம்பாறை மாவட்டம் இத்தீவின் நெற்களஞ்சியங்களுள் ஒன்று. அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறை என்று நீளும் வட்டைகளிலே பசளையின்றி வெளிறி நின்ற பயிரை அந்த ஆண்டு கண்டோர் பலர். யூரியா மூடை கள்ளச் சந்தையிற் கைமாறியது. வசதியுள்ள போடியார் வாங்கினார், குத்தகைக்கு இரண்டேக்கர் செய்தவன் வானத்தைப் பார்த்தான். நவம்பரில் தடை நீங்கிற்று. அதற்குள் பெரும்போகத்தின் விதைப்புக் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. அந்தப் போகத்தில் நாட்டின் நெல்விளைவு வீழ்ந்தது. 2022இல் வெளிநாட்டு அரிசியை எதிர்பார்த்து வரிசையில் நின்றோம். இரசாயனப் பசளை நல்லதா, தீயதா என்பது நீண்டகால ஆராய்ச்சிக்குரிய விடயம். மண்ணை நேசிப்பவர்கள் இருபுறத்திலும் இருக்கின்றார்கள். ஆனால் விதைநெல்லை ஊறப்போட்டவனிடம் ஒரு சொல் கேளாமல் அந்த முடிவு எடுக்கப்பட்டதற்கு எந்த ஆராய்ச்சியும் நியாயம் கற்பிக்காது.

ஈண்டு அறநூலார் கேட்கும் ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். முன்கூட்டிய சம்மதம் வேறு. பின்வந்த அங்கீகாரம் வேறு. இரண்டும் வாக்கெடுப்பிலே ஒரே மாதிரியாகக் கை உயர்த்துதலாகத்தான் தோன்றும். ஆனால் சம்மதம் கேட்கப்படுபவனுக்கு மறுக்கும் வழி திறந்திருக்கின்றது. கப்பல் இறங்கிய பின்னர், வேற்று நாட்டரசுடன் ஒப்பமிட்ட பின்னர், 'அங்கீகரிக்கிறாயா?' என்று கேட்கப்படுபவனுக்கு அந்த வழி அடைபட்டுவிடுகின்றது. அவன் இப்பொழுது மறுத்தால் நாடு சொல் தவறியதாகும்; கடன் தருவோர் முகஞ்சுளிப்பர். வாக்கைக் காக்கும் அறமே அவன் வாயைக் கட்டுகின்றது. நிறைவேற்றுத் துறையினர் இந்தக் கட்டை நன்கறிவர். சிங்கப்பூர் உடன்படிக்கையை நினைத்துப் பாருங்கள்: 2018 ஜனவரியில் ஒப்பம், மே முதலாந் திகதி நடைமுறை. வைத்தியர் சங்கமும் பிறரும் எதிர்த்தெழுந்து உயர் நீதிமன்றத்துக்குச் சென்றதும், ஜனாதிபதி பேராசிரியர் டபிள்யூ. டி. லக்ஷ்மன் தலைமையில் நிபுணர் குழுவை நியமித்ததும் அதன் பிறகுதான். வீட்டைக் கட்டி முடித்துக் குடிபுகுந்த பின்னர் வரைபடத்தைச் சரிபார்க்க ஆள் அழைப்பது போன்றது இது.

என் வகுப்பிலே குடியியற் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், கையெழுத்துப் போட்ட அமைச்சர் அடுத்த தேர்தலில் தோற்றுவிட்டால் அந்த ஒப்பந்தமும் தோற்றுப்போகுமா?" என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. ஆனால் அதனினும் கூர்மையான கேள்வியை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. தோற்காது, மகளே. அமைச்சர் போவார், ஒப்பந்தம் நிற்கும். அன்று வாக்குரிமை பெறாத நீ நாளை அதற்குக் கட்டுப்படுவாய்.

'தேர்ந்தெடுத்த அரசு நம் பாதுகாவலன். அது நமக்காகச் செய்வதை நாம் ஏற்கவேண்டியதுதானே' என்று சொல்வோர் உண்டு. பாதுகாவலன் என்ற உவமையையே எடுத்துக்கொள்வோம். தந்தையற்ற பிள்ளையின் சொத்தைப் பராமரிப்பவன் அதை விற்க நேர்ந்தால் எத்தனை நிபந்தனைகள்! பிள்ளையின் நன்மைக்காகவே விற்கவேண்டும், கணக்குக் காட்டவேண்டும், பிள்ளை வயதுக்கு வந்ததும் ஒப்படைக்கவேண்டும். நமது மார்க்கமும் நாட்டுச் சட்டமும் இவ்விடயத்திற் கண்டிப்பானவை. மேலும், அந்தப் பாதுகாவலுக்கே நியாயம், பிள்ளை இன்னும் தன் காரியத்தைத் தான் தீர்மானிக்கும் பருவத்தை எட்டவில்லை என்பதுதான். குடியரசின் மக்களை அவ்வாறு பருவமெய்தாதவர்களாக எவர் தீர்ப்பளித்தார்?

இனி, எதிர்த்தரப்பின் நியாயங்களுக்கு வருவோம், அவை அற்பமானவையல்ல. பேரம் பேசுபவன் தன் கையிலுள்ளதையெல்லாம் சந்தையிற் பரப்பிவிட்டால் பேரம் நடக்காது என்பது முதலாவது. மெய்தான். கடற்கரையில் விடியற்காலை மீன் ஏலம் எடுப்பவன் தான் எவ்வளவுக்கு இறங்கத் தயார் என்பதைக் கூவிக்கொண்டிருப்பதில்லை. ஆனால் அவன் மறைப்பது விலையை. விற்கப்படும் மீனை அன்று. எந்தப் பண்டங்கள் பேச்சுக்கு வைக்கப்படுகின்றன, எவை ஒருபோதும் வைக்கப்படமாட்டா என்பதைச் சொந்தக்காரனிடமிருந்து மறைக்க எந்தப் பேரமும் தேவைப்படுத்துவதில்லை.

விரைந்து செயற்பட அரசுக்குச் சுதந்திரம் வேண்டும் என்பது இரண்டாவது. இதற்குச் சான்றாக 1952இன் றப்பர் அரிசி உடன்படிக்கையைக் காட்டுவார்கள். நல்ல சான்றே. கொரிய யுத்த காலத்தில் அரிசி கிடைக்கவில்லை. றப்பர் விலையோ சரிந்தது. அமெரிக்காவின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாது, ஐக்கிய தேசியக் கட்சி அரசின் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க மக்கள் சீனத்துடன் உடன்பட்டார்: ஆண்டுக்கு 50,000 தொன் றப்பர், 270,000 தொன் அரிசி, ஐந்தாண்டுகளுக்கு. றப்பர்த் தோட்டத்துத் தொழிலாளிக்கும் நகரத்து ஏழைக்கும் ஒருங்கே பயன்பட்ட உடன்படிக்கை அது, அதைப் போற்றுகின்றேன். ஆனால் அடுத்த ஆண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். 1953இல் அதே அரசு 25 சதமாயிருந்த ஒரு கொத்துப் பங்கீட்டரிசியை 70 சதமாக்கிற்று. ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலில் எழுந்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூடவேண்டியதாயிற்று. டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். விரைந்து செயற்படும் கை ஓராண்டில் ஊட்டிற்று. மறு ஆண்டில் பறித்தது. ஊட்டிய கை என்பதற்காக அதைக் கண்ணைமூடி நம்பியிருந்தவர்கள் உயிர்களைக் கொடுத்துத் தம் எதிர்ப்பைத் தெரிவிக்க நேர்ந்தது.

மூன்றாவது நியாயமே எனக்கு மிகக் கடினமானது: சட்டசபைகளும் சுயநலக் கூட்டங்களே, அங்கே வர்த்தகக் கொள்கையைக் கொடுத்தால் பெரியவர்கள் தத்தம் பண்டத்துக்கு வேலி கட்டிக்கொள்வார்கள் என்பது. வரலாறு இதற்குச் சாட்சி கூறுகின்றது. இங்கிலாந்தில் 1815 முதல் 1846 வரை ஏழையின் ரொட்டியை விலையேற்றி வைத்திருந்த தானியச் சட்டங்கள் நிலப்பிரபுக்கள் நிறைந்த பாராளுமன்றம் ஆக்கியவை. 1930இல் அமெரிக்கக் காங்கிரசு ஆளுக்கொரு பண்டமாகத் தீர்வையை ஏற்றி உலக வாணிகத்தையே இடுக்கிற்று. நான்காண்டுகளில் பேச்சுவார்த்தை அதிகாரத்தை ஜனாதிபதியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஆயினும் தானியச் சட்டத்தின் குற்றம் அதை ஆக்கியது பாராளுமன்றம் என்பதிலா, ரொட்டி தின்றவனுக்கு அப்பாராளுமன்றத்தில் வாக்கில்லை என்பதிலா? குறைந்த பிரதிநிதித்துவத்துக்கு மருந்து நிறைந்த பிரதிநிதித்துவமேயன்றிப் பிரதிநிதித்துவத்தை ஒழிப்பதன்று.

இதற்கு ஒரு முன்மாதிரியை இலண்டனில் தேடவேண்டியதில்லை. எங்கள் வட்டைகளிலேயே இருக்கின்றது. ஒவ்வொரு போகத்துக்கும் முன் ஆரம்பக் கூட்டம் நடைபெறும். நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்ற வழக்கம் அது. மாவட்டச் செயலாளர் அல்லது அவர் சார்பில் ஒருவர் தலைமை வகிப்பார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் சேனநாயக்க சமுத்திரத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது என்று சொல்வார். வட்டவிதானைமாரும் விவசாயிகளும் எதிரே அமர்ந்திருப்பார்கள். முதல் நீர் எந்நாள் திறப்பது, விதைப்பின் கடைசி நாள் எது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை எப்பொழுது வயலிலிருந்து அப்புறப்படுத்துவது என்பனவெல்லாம் அங்கே பேசித் தீர்க்கப்படும். தீர்மானித்த பின்னர் வந்தவன் வராதவன் அனைவரும் கட்டுப்பட்டவர்கள். மீறுபவனுக்குத் தண்டமும் உண்டு. பொறியியலாளரின் அறிவு அங்கே அவமதிக்கப்படுவதில்லை. குளத்தில் நீர் எவ்வளவு என்பது அவருக்கே தெரியும். ஆனால் அந்த நீரைக் கொண்டு என்ன செய்வது என்பதை அவர் தனியே முடிவு செய்து வர்த்தமானியில் வெளியிடுவதில்லை.

அந்தக் கூட்டத்தையும் நான் பொன்னாற் பூசவில்லை. பெரிய போடிமாரின் குரல் அங்கே ஓங்கி ஒலிக்கும். வாய்க்காலின் கடைவயற்காரன் சொல்வது முன்வரிசையை எட்டாது. காணியில்லாத வயற்கூலிக்கு அங்கே இருக்கையே கிடையாது. போதாக்குறைக்குச் சச்சரவு வேறு. இருந்தும், நீர் திறப்பதற்கு முன்னே நடக்கும் கூட்டம் அது. நீர் வடிந்த பின்னர் அங்கீகாரம் கேட்கும் கூட்டம் அன்று.

வெளியுலகிலும் இந்த வேட்கை இல்லாமலில்லை. பெல்ஜியத்தின் வலோனியா என்ற சிறு பிரதேசத்தின் பாராளுமன்றம், ஐரோப்பா முழுவதும் கனடாவுடன் செய்யவிருந்த உடன்படிக்கையை 2016 ஒக்டோபரில் நாட்கணக்கில் நிறுத்திவைத்து விளக்கம் பெற்றது. கேரளத்துக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 2009இல் இந்தியா ஆசியான் நாடுகளுடன் உடன்பட்டபோது றப்பருக்கும் மிளகுக்கும் தென்னைக்கும் என்ன ஆகும் என்று அஞ்சிய மக்கள் வீதியிலே மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நிற்க மட்டுமே முடிந்தது. விவசாயம் மாநிலத்துக்குரியது, விவசாயத்தை விற்கும் உடன்படிக்கை மத்திக்குரியது. எமது நிலை அதனினும் கீழானது. பதின்மூன்றாந் திருத்தம் விவசாயத்தை மாகாணப் பட்டியலில் எழுதிற்று. ஆனால் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்துபோனது. 2018 ஜனவரியிற் சிங்கப்பூருடன் ஒப்பமிட்ட வேளையிலே, கேட்கவேண்டும் என்று எவரேனும் நினைத்திருந்தாலும் கேட்பதற்குச் சபையே இருக்கவில்லை.

கேட்கவேண்டியது மிகப் பெரிய புரட்சியொன்றும் அன்று. பேச்சுவார்த்தை தொடங்குமுன் எவற்றைப் பற்றிப் பேசப்போகின்றோம் என்ற ஆணையைப் பாராளுமன்றத்தில் வைத்துப் பெறுதல். ஒப்பமிடுமுன் முழு வாசகத்தையும் சிங்களத்திலும் தமிழிலும் மக்கள்முன் வைத்தல். பாதிக்கப்படும் தொழில் நடக்கும் இடத்துக்கே பாராளுமன்றக் குழு சென்று விசாரித்தல். சில ஆண்டுகளுக்கொருமுறை உடன்படிக்கையை மீண்டும் சபைக்குக் கொண்டுவருதல். 'கட்சிக்கொறடா சொல்லுக்குக் கை தூக்கும் உறுப்பினர்கள் இதனால் திருந்திவிடுவார்களா?' என்று நண்பர் ஒருவர் என்னிடம் ஏளனமாகக் கேட்டார். உடனே திருந்தமாட்டார்கள். ஆனால் எதற்குக் கை தூக்கினோம் என்பது அவர்களுடைய தொகுதிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். அந்த அச்சமே ஒரு நல்ல ஆசிரியன்.

இந்தியாவுடனான பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கை பற்றிய பேச்சு 2016 முதல் எழுந்தும் ஓய்ந்தும் வருகின்றது. 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க புதுடில்லி சென்றபோது வெளியான கூட்டறிக்கையிலும் அப்பேச்சைத் தொடர்வதென்று கண்டிருந்தது. தொடரட்டும், அயலவனுடன் பேசாதிருப்பது அறிவுடைமையாகாது. ஆனால் எங்களுக்கு வடக்கே சில மைல் தொலைவில் மருதமுனை இருக்கின்றது. வீட்டுக்கு வீடு தறி ஓடிய ஊர். கைத்தறிச் சாரத்துக்கும் சேலைக்கும் பெயர்பெற்ற ஊர். அங்கே நெய்பவனுக்கு நூலும் சாயமும் வெளியிலிருந்து வரவேண்டும். அவற்றின் தீர்வை தாழ்ந்தால் அவனுக்கு நன்மை. அவன் நெய்யும் சாரத்துக்குப் போட்டியாக விசைத்தறிச் சாரமும் வெளியிலிருந்து வரும். அதன் தீர்வை தாழ்ந்தால் அவனுக்குக் கேடு. சந்தையில் சாரம் வாங்கும் மீனவனுக்கோ அந்தக் கேடே மலிவு. ஓர் அட்டவணையின் இரண்டு வரிகள் இவை. நூல் எந்த ஆண்டில், சாரம் எந்த ஆண்டில், எது முதலில்? நெசவாளியும் மீனவனும் இதிலே முரண்படுவர். முரண்பட்டு ஒரு வழிக்கு வரவும் கூடும். ஒப்பமிடுமுன் பாராளுமன்றக் குழு ஒன்று கல்முனை மண்டபத்திலே ஒருநாள் அமர்ந்து இருவரையும் கேட்கலாம். கொழும்பிலிருந்து ஓரிரவுப் பஸ் பயணந்தான்.